காயங்களோடு எழுந்தவர்

1954 ஜனவரி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு விடுமுறை நாளில் வெளியே கிளம்பினார்கள். வழியில் வண்டி கவிழ்ந்தது. அதில் இருந்த மேரி வர்கீஸுக்கு முகத்தில் ஆழமான வெட்டு, முதுகுத்தண்டில் பலத்த அடி. கேரளத்திலிருந்து வந்து படித்து மருத்துவரானவர். வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வும் போயிற்று, அசைவும் போயிற்று.

எழுந்து நடக்க வேண்டும். அந்த நாட்களில் அவருடைய ஜெபமெல்லாம் அதுதான். மாதங்கள் ஓடின. கால்கள் அசையவில்லை.

அங்கே டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சீராக்கி வந்தவர். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். "உன்னால் முடியும்" என்று அவர் வழிகாட்டினார். சக்கர நாற்காலியிலேயே மேரி அறுவை அரங்குக்குள் போனார்.

அந்த சிகிச்சையின் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது விரல்களை நீட்டி மடக்கும் சில தசைகள் செயலற்றுப் போகும். போனது போனதுதான். அதைத் திரும்ப உயிர்ப்பிக்க மருத்துவர் முயல்வதில்லை. இன்னும் வேலை செய்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, செத்துப்போன தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்துகிறார். பிறகு நோயாளி பொறுமையாகப் பயிற்சி செய்து, பழைய தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதன்பின் அந்தக் கை சோற்றைப் பிசையும், பேனாவைப் பிடிக்கும்.

மேரியின் வாழ்க்கையிலும் நடந்தது இதுதான். கால்கள் திரும்பவில்லை. மிச்சமிருந்த கைகளுக்குப் புது வேலை வந்தது. உணர்விழந்த கைகளோடு வந்தவர்களுக்கு, உணர்விழந்த கால்களோடு இருந்த மருத்துவர். இவர் "முடியும்" என்று சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

அவர் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய்த் தன் உடலைத் தானே சமாளிக்கப் பழகினார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூர் திரும்பி அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெற, 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவானது. 1972-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986-ல் மறையும் வரை அவர் வாழ்க்கை சக்கர நாற்காலியில்தான்.

யோவான் நற்செய்தியில் ஒரு காட்சி உண்டு. சிலுவை மரணத்துக்குப் பின் சீடர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசு நடுவே வந்து நிற்கிறார். முதலில் அவர் காட்டுவது தன் கைகளையும் விலாவையும். மரணத்தையே வென்ற உடலில் ஆணிக் காயங்கள் அப்படியே இருக்கின்றன. சென்னையில் பரங்கிமலையோடு சேர்த்து நினைக்கப்படும் தோமா நம்பியதும் அந்தக் காயங்களைப் பார்த்த பிறகுதான்.

கிறிஸ்தவ நம்பிக்கை என்பது பட்ட அடியெல்லாம் சுவடில்லாமல் மறைந்துவிடும் என்ற வாக்குறுதி என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அடி மறையாதபோது, 'என் ஜெபம் கேட்கப்படவில்லை, எனக்கு விசுவாசம் போதவில்லை' என்று தன்னையே நொந்துகொள்கிறார்கள். துணையை இழந்தவர், வேலை போனவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் என ஒவ்வொரு ஆலயத்திலும் கடைசி வரிசையில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

போன தசை திரும்பாமல் இருக்கலாம். ஆனால் வேலை செய்கிற ஒரு நாண் எங்கோ மிச்சமிருக்கும். ஒரு தட்டுச் சோறு கொடுக்கிற கையாக, ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருகிற பொறுமையாக, அதே அடி பட்ட இன்னொருவரிடம் "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்கிற ஒரு வார்த்தையாக.

அங்கிருந்து தொடங்கலாம். மேரி வர்கீஸ் அங்கிருந்துதான் தொடங்கினார்.