பேரப்பிள்ளைகள் பக்கம்

திருகோணமலையில் கல்வெட்டு என்றால் கல்லைத் தேடாதீர்கள். கவிராஜ வரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டே ஏட்டில் எழுதிய நூல்தான். நான் எழுதுவது அதிலும் சின்னது. ஒருவர் போய் முப்பத்தோராம் நாள், கன்னியாவில் கருமம் முடித்து வந்து பந்தியில் இருப்பவர்கள் கையில் கொடுக்கும் நாற்பது பக்கப் புத்தகம்.

எட்டுச் செலவு முடிந்த கையோடு வீட்டார் வருவார்கள். அச்சகத்துக்கு ஒரு கிழமை வேண்டும். பஞ்சபுராணம், சம்பந்தரின் கோணமலைப் பதிகம், சிவபுராணம் எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே கோத்தபடி இருக்கும். வம்சாவளியை யாராவது ஒரு சித்தப்பா வந்து திருத்துவார். திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, புலம்பல் ஆகிய மூன்றும்தான் என் பாடு.

வரலாறுதான் கஷ்டம். “அம்மா எப்படிப்பட்டவ?” என்று கேட்டால் “தெய்வம்” என்பார்கள். அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. அடுப்படியில் எந்த மூலையில் இருந்து சாப்பிடுவா, தலையணைக்குக் கீழே என்ன வைத்திருந்தா, யாரோடு கோபம் என்று கேட்பேன். முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு பேசுவார்கள்.

தாய்க்குச் செய்யும் கடன் இங்கே பழங்கதை. சிவபக்தையான தன் தாய்க்காகக் கோணமலையை வெட்டப் போன இராவணன், அவள் இறந்தாள் என்று கேட்டுக் கன்னியாவில் ஏழிடத்தில் குத்தினான், பீறிட்ட வெந்நீரில் கருமம் செய்தான் என்பார்கள். ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு. ஆனால் அந்தத் தாயைப் பற்றிப் பக்தை என்பதற்கு மேல் ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இராவணன் என்னிடம் வந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

2023 ஆவணியில் என் அம்மா போனா. அபரபக்க நவமி. வரலாற்றைத் தொட மனம் வராமல் வெண்பாவில் போய் உட்கார்ந்தேன். திதி வெண்பாவில் வருடத்தின் பெயர் வரவேண்டும். அந்த வருடத்தின் பெயர் சோபகிருது. அலகிட்டால் நேர் நிரை நிரை, கூவிளங்கனி. கனிச்சீர் வெண்பாவுக்கு ஆகாது. இரண்டு இரவு அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் வகையுளி செய்து ‘சோப’ ஒரு சீர், ‘கிருது’ மறுசீர் என்று பிரித்துப் போட்டேன். வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என நாலு வாய்பாடு. அம்மாவின் சாவுத் திதி பிறப்பில் போய் முடிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, தளை இழுத்த பக்கம் போனேன்.

பிறகு வரலாறு. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது அவவுக்கு ஏழு வயது. மாட்டு வண்டியில் தம்பலகாமத்துக்கு ஓடியதை வயதுபோன பிறகும் சொல்லுவா. 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனான், டொக்யார்ட்டில் அப்பாவின் வேலையும் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் எண்ணிக்கைதான். பொரித்த சூடை மீன் ஆளுக்கு மூன்று. சத்தமாக எண்ணித்தான் போடுவா. நாலாவதுக்குக் கை நீட்டினால் அகப்பைக் காம்பு வரும். முள்ளோடு தின்னப் பழகு, வீணாக்காதே என்பா. எனக்கு இன்னும் முள் துப்பத் தெரியாது. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதினேன். மற்ற வீட்டாரிடம் கேட்டு வாங்குகிறவன் என் வீட்டுக்கு மட்டும் ஒளிக்கலாமா?

பேரப்பிள்ளைகள் புலம்பலுக்கு அக்காவின் மகள் ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். பாட்டாக அல்ல, குரல்பதிவாக. பள்ளி விட்டு வந்தால் அம்மம்மா பாரை மீனைப் பிய்த்து, ஒவ்வொரு துண்டையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து முள் பார்த்து, சோற்று உருண்டைக்குள் வைத்து ஊட்டுவாவாம். போதும் என்றால் விடமாட்டாவாம். எத்தனை உருண்டை என்று ஒருநாளும் எண்ணவில்லையாம்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் இரண்டையும் ஒட்டவைப்பேன், ‘கண்டிப்பும் கனிவும் ஒருங்கே’ என்று. எத்தனை கல்வெட்டில் எழுதியிருப்பேனோ! நூலகம் இணையத்தளம் பழைய நினைவு மலர்களையெல்லாம் மின்வருடிப் போடுகிறது. நாளைக்கு யாராவது அடுக்கி வைத்துப் படித்தால் எல்லா வீட்டிலும் ஒரே தாய்தான் இருந்திருக்கிறா என்று நினைப்பார்கள். இந்த முறை ஒட்டவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் எங்கள் அம்மா எண்ணினா, இருபத்துமூன்றாம் பக்கத்தில் அவளுடைய அம்மம்மா முள் பார்த்தா. குரல்பதிவை வெட்டாமல் வசனமாகவே போட்டேன். புலம்பல் விருத்தத்தில்தான் இருக்கவேண்டும் என்று அச்சகத்தார் சொன்னதைக் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பந்தி எழும்பிய பிறகு அக்கா முற்றத்துக் கதிரையில் இருந்து கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தா. இருபத்துமூன்றாம் பக்கத்தில் நிறுத்தினா. திரும்ப முதலிலிருந்து படித்தா.

“விளக்கு வெளிச்சத்தில் பிடிச்சோ?” என்று என்னைப் பார்த்துக் கேட்டா. “எங்கட அம்மாவோ?”