யானைக்கவுனியிலிருந்து பாங்காக் வரை: படுப்பதற்கு முன் கேளுங்கள்!

சென்ட்ரலை ஒட்டி வால்டாக்ஸ் ரோட்டில் நடந்தால் யானைக்கவுனி வந்துவிடும். கவுனி என்றால் மதில் வாசல். 18-ம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர் கட்டிய மதிலில் இருந்த வாசல் இது. மதில் செலவுக்கு வரி போட நினைத்த கதைதான் 'வால்டாக்ஸ்' என்று இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே டீக்கடையில் சந்தித்த வியாபார நண்பர், அடுத்த வாரம் பாங்காக் போகிறார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணே, அடிவயித்துல ரொம்ப நாளா ஒரு வலி. ஆம்பளைங்களுக்குன்னே அங்க ஒரு மசாஜ் இருக்காமே, கர்சாய் நெய் சாங்னு? போகலாமா?"

நான் பாங்காக்கில் பார்த்ததைச் சொன்னேன். வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளச் சயன புத்தரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், சுவர்களில் மனித உடல் படங்களும் கல்வெட்டுகளும் இருக்கும். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 19-ம் நூற்றாண்டில் பதித்தவை. எங்கே அழுத்தினால் எந்த வலி தீரும் என்ற குறிப்புகள் அவை. 1955 முதல் அங்கே மசாஜ் பள்ளியும் நடக்கிறது. தாய்லாந்து மசாஜை 2019-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு எண்ணெய் கிடையாது. தளர்வான உடை போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

நண்பர் கேட்டது வேறு. தாய் மொழியில் அதற்கு 'ஜாப் கசாய்' என்று பெயர். கசாய் என்பது வடமொழி 'க்ஷயம்'தான், உடல் தேய்வது. நாம் சயரோகம் என்கிறோமே, அதே சொல். 'நெய் சாங்' சீன மொழி; உள்ளுறுப்புகள் என்று பொருள். அடிவயிறு, தொடை இடுக்கு, சில சமயம் அந்தரங்க உறுப்பு வரை கை போகும். இதே பெயரைப் பலகையில் எழுதி வேறு தொழில் நடத்துகிற இடங்களும் உண்டு.

அதனால் பெயரை நம்பிப் படுக்கக் கூடாது. எங்கெங்கே தொடுவீர்கள், துணி இருக்குமா, எங்கே பயிற்சி பெற்றீர்கள், நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துவீர்களா என்று முதலிலேயே கேட்க வேண்டும். பதிலில் மழுப்பல் இருந்தால் எழுந்து வந்துவிடலாம். பாதியில் 'போதும்' என்பதிலும் வெட்கம் இல்லை. வரம்பு நமக்கு மட்டுமல்ல, அந்தத் தொழிலாளிக்கும் உண்டு. அவர் செய்யாததை நாமும் கேட்கக் கூடாது.

"வலிக்கு முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றேன். குடலிறக்கம், ஓதம், கட்டி எதுவாக இருந்தாலும் அழுத்துவது ஆபத்து. விதைப்பையில் திடீரென்று கடும் வலி வந்தால், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் அதை இழக்க நேரிடலாம்.

நண்பர் டீ கிளாஸை வைத்தார். "ரெண்டு வருஷமா வலி, அண்ணே. வீட்ல கூட சொல்லல."

ஜி.எச். கூப்பிடு தூரம்தான். ஸ்டான்லியும் பக்கம்தான். மறுநாள் காலை ஓ.பி. சீட்டு வாங்க நானும் கூடப் போனேன்.