குழாய் வெச்சாத்தான் கிராமபோனா?

நீலசந்திராவில் எங்க தெருவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. போன மாதம் மாடி வீட்டு நண்பர் கேட்டார்: "சார், ஊர்ல தாத்தாவோட கறுப்புப் பெட்டி ரிக்கார்டு மெஷின் சும்மா கிடக்கு. குழாய்கூட இல்லை. அதைத் தள்ளிவிட்டுட்டு பித்தளைக் குழாய் வெச்ச ஒரிஜினல் ஒண்ணு வாங்கலாமா?"

அவசரப்படாதீங்கன்னு சொல்லி ஒரு வகுப்பே எடுத்துட்டேன். உங்களுக்கும் உதவலாம், அதான் இங்கே.

1877இல் எடிசன் செய்த ஃபோனோகிராஃபில் தட்டே கிடையாது. கையால் சுற்றும் ஒரு உருளை, அதன்மேல் வெள்ளீயத் தாள். ஊசி மேலும் கீழுமாக அசைந்து பதியும். 1887இல் எமில் பெர்லினர் தட்டையான தட்டுக்கு மாறினார். இதில் ஊசி பக்கவாட்டில் ஆடும். உருளையில் நாமே பேசிப் பதிவு செய்யலாம். தட்டில் அந்த வசதி இல்லை. ஆனால் ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் தட்டு எடுக்கலாம். கடைசியில் ஜெயித்தது தட்டுதான். (அந்தத் தட்டுகளுக்கான அரக்கு நம்ம நாட்டிலிருந்து போனது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை!)

கரண்ட் இல்லாத மெஷினில் சத்தத்தைப் பெருக்க குழாயை விட்டால் வேறு வழியில்லை. முதலில் அது பூ மாதிரி வெளியே விரிந்து நின்று இடத்தை அடைத்தது. 1906இல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி தன் 'விக்ட்ரோலா'வில் அதைக் கீழ்நோக்கி மடக்கி அலமாரிக்குள் வைத்தது. சத்தம் குறைய வேண்டுமா? அலமாரிக் கதவைச் சாத்தினால் போதும்.

1931இல் வந்த எச்.எம்.வி. 102 இன்னும் ஒரு படி மேலே. கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி, குழாய் உள்ளேயே ஒளிந்திருக்கும். சாவி கொடுத்தால் ஒரு பக்கம், சுமார் 3 நிமிடம், கே.பி.சுந்தராம்பாள் கணீரென்று பாடுவார். ஆக, குழாய் வெளியே தெரியாதது குறை இல்லை சார், அதுதான் வளர்ச்சி!

இப்போ கடைகளில் மின்னுகிற எட்டுப்பட்டைப் பெட்டி, பித்தளைக் குழாய், நாய்ப் படம் போட்ட மெஷின்களில் பெரும்பாலானவை சமீபத்தில் கோர்த்தவை. கள்ள நோட்டைத் தடவிப் பழகின எனக்கே முதல் பார்வையில் ஆசை வரும். வயிற்றெரிச்சல் என்னவென்றால், உள்ளே ஓடுகிற மோட்டார் பல நேரம் இந்த மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியைப் பிரித்து எடுத்தது. அசலை உடைத்துப் போலியை ஓட்டுகிறார்கள்.

என் அப்பாவின் 102 நாலு டிரான்ஸ்பரிலும் என்கூடவே வந்தது. ஊர்விட்டு ஊர் போகிற நமக்காகவே செய்தது போல ஒரு கைப்பிடி. வேறென்ன வேண்டும்?

உங்க வீட்டிலும் ஒன்று இருந்தால் மூன்று விஷயம்: பக்கத்துக்கு ஒரு புது எஃகு ஊசி போடுங்க, தேய்ந்த ஊசி தட்டைத் தின்றுவிடும். முழுச் சாவி கொடுத்தபடி மூடி வைக்காதீங்க, ஸ்பிரிங் பாவம். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்க்கவே தேய்க்காதீங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போனால் பரணில் ஏறி ஒரு பார்வை பாருங்க. பழைய சாமான்காரர் முந்திக்கொள்வதற்குள்!