யாருடைய வண்டி?

விலை கொடுத்து வாங்கியவனே பொருளுக்கு உடையவன் என்று நாம் இளமையிலிருந்து எண்ணி வந்திருக்கிறோம். மோட்டார் வண்டிகளைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் இப்பொழுது ஆட்டங் கண்டுவிட்டது.

2022ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், பிரித்தானியா, தென்கொரியா முதலிய நாடுகளில், ஆசனத்தைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா அறவிட முற்பட்டது. பிரித்தானியாவில் மாதம் 15 பவுண். சூடாக்கும் கருவியோ வண்டி தொழிற்சாலையை விட்டு வரும்போதே ஆசனத்துள் இருந்தது. பணங் கட்டாதவனுக்கு அதை மென்பொருள் பூட்டி வைத்தது. வாங்குவோர் முகஞ் சுளிக்கவே, மறு ஆண்டில் நிறுவனம் அச்சந்தாவைக் கைவிட்டது. (நம் ஊர் வெயிலில் அதை இலவசமாகத் தந்தாலும் வேண்டுவாரிலர்!)

சிரித்துவிட்டு மறக்கக்கூடிய செய்திதான். ஆனால் 2017ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நிகழ்ந்ததை என்னால் அவ்வாறு மறக்க முடியவில்லை. இர்மா சூறாவளி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை நெருங்கியபோது இலட்சக்கணக்கானோர் வீடு விட்டு வெளியேறினர். ரெஸ்லா நிறுவனத்தின் சில மின்சார வண்டிகளில் 75 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலம் இருந்தது. எனினும் குறைந்த விலைக்கு வாங்கியோர் அதனை முழுவதும் பயன்படுத்த இயலாதவாறு மென்பொருள் தடுத்திருந்தது. ஒருவர் வேண்டிக்கொள்ள, நிறுவனம் தொலைவிலிருந்தே அப்பகுதி வண்டிகளின் பூட்டைத் திறந்தது. ஏறக்குறைய 30 மைல் தூரம் கூடுதலாகக் கிடைத்தது. சில நாட்களின் பின் பூட்டு மீண்டும் விழுந்தது.

நல்ல செயலே, பாராட்டினோர் பலர். ஆயினும் அதைப் படித்தபோது என் மனம் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிக்குப் போயிற்று. வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த நாள் அது. மாமாவிடம் பழைய ஒஸ்ரின் கார் ஒன்று இருந்தது. பெற்றோல் கிடையாத காலம். ஒரு போத்தல் மூடியளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டுவது அக்காலத்து யாழ்ப்பாண வித்தை. புகை கக்கிக்கொண்டு, நடப்போரிலும் மெதுவாக ஊர்ந்து, அவ்வண்டி அம்மம்மாவைச் சாவகச்சேரியிற் சேர்த்தது. மண்ணெண்ணெய் விடலாமா என்று மாமா எந்தக் கம்பெனியையும் கேட்கவில்லை.

இவற்றை வகுப்பிற் சொன்னபோது மாணவனொருவன், "குறைந்த காசு குடுத்தவைக்குக் குறைந்த தூரந்தானே, சேர்? இதிலை என்ன அநியாயம்?" என்றான். கணக்குச் சரி. ஆனால் அந்த 30 மைலும் நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருக்கவில்லை. ஓடியவர்களின் காலடியிலேயே இருந்தது என்றேன். அன்று அம்மம்மாவின் மடியில் தலை வைத்து நானும் அந்தக் காரில் இருந்தேன் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.