துரையின் வண்டியும் எமது பயணங்களும்

இலக்கிய ஏடொன்றிற் பழைய மோட்டார் வண்டிக்கு என்ன இடம் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். லாண்ட் றோவர் அவர்களுக்கு வெறும் வாகனமன்று. அதன் ஓசை வளைவுக்கு அப்பாற் கேட்டதுமே பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கி நின்றவர்களின் பிள்ளைகள் நாம். பேச்சு அடங்கும்; தலைத்துண்டு கைக்கு இறங்கும்; துரையின் வண்டி கடந்து, அது கிளப்பிய தூசும் படிந்த பின்னரே பாதை மறுபடியும் நடப்பவர்களுடையதாகும். அத்தகைய வண்டியொன்று இன்று எமது வீட்டு முற்றத்தில் நிற்கின்றது. அதனைப் பேணுவதிலும் திருத்துவதிலும் எமது விடுமுறை நாட்களிற் பெரும்பகுதி கழிந்திருக்கின்றது. சம்பளத்திலும் ஒரு பகுதி கழிந்திருப்பதை மறவாமல் எழுதும்படி துணைவியார் கூறுகின்றார்.

லாண்ட் றோவர் 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்டது. போர் முடிந்த இங்கிலாந்தில் அப்பொழுது உருக்கு பங்கீட்டிலேயே கிடைத்தது. ஆகவே வண்டியின் மேலுடலை அலுமினியக் கலப்புலோகத்தால் அமைத்தார்கள். விவசாயிக்கென்று ஆக்கப்பட்ட இவ்வண்டி குடியேற்ற நாடுகளிலே அதிகாரிகளின் வண்டியாயிற்று. அதே 1948இலேதான் எமது பாராளுமன்றம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வண்டிக்கும் சட்டத்துக்கும் தொடர்பு எதுவுமில்லை என்பது உண்மையே. எனினும் துரையின் வண்டிக்குப் பதிவிலக்கம் இருந்தது. அதற்கு வழிவிட்டுக் கானுக்குள் நின்ற மனிதனின் பெயரோ நாட்டின் எந்தப் பதிவிலும் இருக்கவில்லை.

எம்மிடம் உள்ளது 'சீரிஸ் 2ஏ' என்னும் வகையைச் சேர்ந்தது. 1966இல் ஆக்கப்பட்டது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 109 அங்குலம். முன்விளக்குகள் இரண்டும் மட்காட்டுகளில் அமையாது நடுவே கம்பிவலையோடு ஒட்டியிருப்பதைக் கண்டதும், அறுபதுகளின் கடைசிக்கு முந்திய வண்டி என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். தோட்டமொன்றிற்கு வந்து சேர்ந்த அது, 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபொழுது தானும் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபொழுது பழைய இரும்பாகி ஏலத்திற் போயிற்று. அதன்பின் வெலிமடையில் மரக்கறி வியாபாரி ஒருவர் அதில் உருளைக்கிழங்கு ஏற்றினார். ஆதியிலிருந்த 2286 கனசென்ரிமீற்றர் எஞ்சினைக் கழற்றி யப்பானிய டீசல் எஞ்சினைப் பூட்டியவரும் அவரே. 2019இல் நாம் அதனை வாங்கியபொழுது ஆசிரியர் ஓய்வறையிற் சிரிக்காதவர் இல்லை. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு வாசல் திறந்தது. திறந்தபின்னும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் அது எம் போன்றோர் நுழையும் வாசலன்று. சிரித்தவர்களில் இருவர் இப்பொழுது, விற்பதாயின் தமக்கே முதலிற் சொல்லவேண்டும் என்கின்றனர்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பதை நம்பி இவ்வண்டியை வாங்குவோர் பலர். மேலுடல் கம்பீரமாக நிற்க, அதனைத் தாங்கும் சேசிஸ் அடியிலே அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அது உருக்காலானது, உள்ளே வெறுமையான பெட்டி போன்றது. மலையகத்து மழையும் சேறும் அதனுட் புகுந்து, காயாமலே தங்கி, உள்ளிருந்து வெளிநோக்கித் தின்கின்றன. உருக்கும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களிலோ அலுமினியமே வெண்பொடியாக உதிர்கின்றது. ஆகவே பழைய லாண்ட் றோவரைப் பார்க்கச் செல்பவர் வர்ணத்தைப் பாராமல் நிலத்திலே படுத்துப் பார்க்கவேண்டும்.

எமக்காகப் படுத்துப் பார்த்தவர் கம்பளையிலே கராஜ் வைத்திருக்கும் ஒரு சிங்களப் பெரியவர். எல்லோரையும் போல நாமும் அவரைப் பாஸ் என்றே அழைக்கின்றோம். அவர் எம்மை மாஸ்டர் என்கின்றார். பதினான்கு வயதிலே தோட்டத் தொழிற்சாலையொன்றில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பயின்றவர். சான்றிதழ் எதுவும் இல்லாதவர். சிறு சுத்தியலொன்றை எடுத்துக்கொண்டு வண்டியின் கீழே ஊர்ந்து சென்று, சேசிஸை முன்னிருந்து பின்னாக அங்குலம் அங்குலமாகத் தட்டினார்.

"மாஸ்டர், இங்க சத்தம் வருது, கேக்குதா? இப்ப இங்க பாருங்க. ஊமை. ஊமையா இருக்கிற எடமெல்லாம் வெட்டணும்."

மூன்று பக்கத் தாங்கிகளும் பின்புறக் குறுக்குச் சட்டமும் ஊமையாக இருந்தன. வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டி முடிக்க மூன்று மாதத்துச் சனிக்கிழமைகள் சென்றன. அந்நாட்களில் நாம் கைவிளக்குப் பிடிப்பதும், துருவைக் கம்பித் தூரிகையால் உரசுவதும், தேநீர் வாங்கி வருவதுமாக அவரிடம் பணியாற்றினோம். அக்கராஜில் வழங்கும் மொழி எம்மை மிகவும் கவர்ந்தது. பாஸ் சிங்களவர், அவருடைய கையாள் கண்டியைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர், வண்டி கொண்டுவருவோர் பெரும்பாலும் தமிழர். உறுப்புக்களின் பெயர்கள் மூவர் வாயிலும் உருண்டு, ஆங்கிலமும் ஆகாத சிங்களமும் ஆகாத தமிழும் ஆகாத ஒரு வடிவத்தை அடைந்திருக்கின்றன. கலைச்சொல்லாக்கம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நாம் நீண்ட கட்டுரைகள் எழுதியதுண்டு. இங்கே வேலை செய்பவனுக்குப் பெயர் தேவைப்பட்டது. குழு எதுவும் கூடாமலே பெயர் வந்துவிட்டது.

பேணுதல் என்பது பெரும்பாலும் ஒயிலைப் பற்றிய கவலையே. எஞ்சினுக்கு ஒன்று, கியர்ப் பெட்டிக்கு ஒன்று, அதன் பின்னுள்ள மாற்றுப் பெட்டிக்கு ஒன்று, இரண்டு அச்சுக்களின் நடுவேயுள்ள டிபரன்சியல்களுக்கு ஒவ்வொன்று, முன்சில்லுகள் திரும்பும் உருண்டைக் கிண்ணங்களுக்கு ஒவ்வொன்று என ஏழு இடங்களைத் தனித்தனியே திறந்து பார்க்கவேண்டும். ஒழுக்கு நின்றுவிட்டால் மகிழாதே, ஒயில் தீர்ந்துவிட்டதா என்று பார் என்பது இவ்வண்டிக்காரரிடையே வழங்கும் பழைய பகிடி. வழிந்த பழைய ஒயிலை நாம் வீசுவதில்லை. சேசிஸின் மேற் பூசிவிடுகின்றோம்.

இனித் திருத்தங்களுக்கு வருவோம். இளம் ஆசிரிய நண்பர்கள் எமக்கு நீண்ட பட்டியலொன்று தந்தார்கள். முன்னே மின்சாரக் கப்பி, கூரையிலே வரிசை வரிசையாக விளக்குகள், மூச்சுக் குழாய், பருத்த டயர்கள். படங்களில் அவை அழகாகவே இருக்கின்றன. ஆனால் இவ்வண்டியின் ஆதி அமைப்பில் நான்கு சில்லுகளின் பிரேக்குகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. குழாய் ஓரிடத்தில் வெடித்தால் நான்கும் போய்விடும். இரம்பொடைச் சரிவில் மனைவி மக்களோடு இறங்குபவனுக்கு விளக்கு வரிசை எதற்கு? முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுள்ள பிரேக் உருளையும், மிதியை இலகுவாக்கும் சேர்வோவுமே நாம் செய்த முதல் மாற்றம். அடுத்தது, பின்னாலே பக்கவாட்டிற் போட்டிருந்த பலகை இருக்கைகளை நீக்கி, முன்னோக்கிய இருக்கைகளைச் சேசிஸோடு பிணைத்து, எல்லோருக்கும் வார்ப்பட்டி பூட்டியது. பழைய டைனமோவுக்குப் பதிலாக ஒல்டனேற்றர் வந்தது. வெளிநாட்டுப் பரபோலிக் ஸ்பிரிங் வாங்க வசதியில்லை. ஆகவே பாஸ் பழைய ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துருவை நீக்கி, முறிந்ததை மாற்றி, இடையே கிரீஸ் தடவி மீளக் கட்டினார். அதன் பின் எமது இளைய மகன் பயணத்தில் வாந்தியெடுப்பது குறைந்துவிட்டது. இதைவிடச் சிறந்த சோதனை எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை.

மஞ்சட் குமிழை அழுத்தினால் நான்கு சில்லும் இழுக்கும். செந்நிறக் குமிழை இழுத்தால் மிகத் தாழ்ந்த வேகத்தில் மிகுந்த பலத்தோடு இழுக்கும். மஞ்சட் குமிழை அழுத்துவது மூத்த மகளின் உரிமை. தார்ப் பாதையில் அதை அழுத்தக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். முன்னச்சையும் பின்னச்சையும் ஒரே வேகத்திற் பூட்டிவிடும் இவ்வமைப்பில், வளைவிலே இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பற்சில்லுகளைத் தேய்த்துவிடும். சேற்றிலே சில்லு சறுக்குவதனால் அம்மல்லுக்கட்டு இல்லை.

இவ்வாறு ஆயத்தமான வண்டியிலே நாம் நக்கிள்ஸ் மலைத்தொடரில் கோர்பட் கணவாயைக் கடந்து மீமுரே வரை சென்றோம். பிள்ளைகள் ஆற்றிலே குளித்தார்கள். அது இனிய பயணம். அதற்கு மேற் சொல்ல ஒன்றுமில்லை. எம்மைச் சிந்திக்க வைத்த பயணம் வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றருக்குள்ளேயே நிகழ்ந்தது. தோட்டத்தின் மேற்கணக்குக்கு அப்பாலுள்ள குன்றின் உச்சியிலே கூடாரமடித்து உறங்கவேண்டுமென்று பிள்ளைகள் விரும்பினர். பாதை என்பது கருங்கற்களும் குழிகளுமே. செந்நிறக் குமிழை இழுத்து, முதலாம் கியரில் ஊர்ந்து ஏற நாற்பது நிமிடம் சென்றது. பிள்ளைகள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆரவாரித்தார்கள். நடுவழியிலே, தலைத்துண்டு கட்டிய முதியவர் ஒருவர் எமது ஓசை கேட்டுக் கானுக்குள் இறங்கித் தலை தாழ்த்தி நின்றார். வண்டியை நிறுத்தி ஏறும்படி அழைத்தோம். அவர் எம்மைப் பாராமல் வண்டியைப் பார்த்தே, "இல்லீங்க தொரை, பக்கந்தான்" என்றார்.

மேலே லயத்தை அடைந்தபொழுது எமது வகுப்பு மாணவியர் நால்வர் பீலியடியிலிருந்து ஓடிவந்தனர். அவர்கள் நாள்தோறும் அந்தப் பாதையிலேயே நடந்து இறங்கிப் பாடசாலைக்கு வருகின்றனர், நடந்தே ஏறுகின்றனர். மழைக்காலத்து வரவு இடாப்பிலே அவர்களின் பெயர்களுக்கு நேரே நாம் இட்ட சிவப்புக் குறிகளின் பொருள் அன்றைக்கே எமக்கு முழுவதும் விளங்கியது. எம் பிள்ளைகள் ஆரவாரித்த குழிகளிலேதான் கர்ப்பிணிகளைக் கொழுந்து லொறியில் ஏற்றி இறக்குகின்றார்கள். சாகசம் என்று நகரத்தார் பணம் கொடுத்துத் தேடும் பாதைகள், இந்நாட்டில் வேறு வழியில்லாதோரின் அன்றாடப் பாதைகள். அவற்றை வெட்டியவர்களும் அவர்களின் மூதாதையரே. துரையின் வண்டி ஏறுவதற்காக வெட்டினார்கள்.

அப்பயணத்துக்குப் பின் இன்னுமொரு திருத்தம் செய்தோம். பின்னிருக்கையின் அடியாணிகளை, நான்கு நிமிடத்திற் கழற்றக்கூடியதாகப் பாஸ் மாற்றித் தந்தார். கழற்றினால் ஒருவரை நீட்டிப் படுக்கவைக்கலாம். 2022இல் டீசல் லீற்றர் 460 ரூபாவைத் தொட்டு, பின்னர் வாராந்தப் பங்கீடும் வந்தபொழுது குடும்ப உலாக்கள் நின்றன. ஆயினும் தாங்கியின் அடியில் ஓரளவு எப்பொழுதும் மிஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஆகஸ்ட் மாதத்து மழையிரவொன்றில் மேற்கணக்கிலிருந்து தொலைபேசி வந்தது. பிரசவ வேதனையோடிருந்த பெண்ணையும் அவளுடைய மாமியாரையும் இறக்கிக்கொண்டு வந்து வைத்தியசாலையிற் சேர்த்தோம். தாயும் பிள்ளையும் நலம். இதனை எமது தருமமாக எழுதவில்லை. 56 வயதான வண்டியொன்று அந்த மலைக்கு மருத்துவ ஊர்தியாக வேண்டியிருந்தது என்பதே எழுதத்தக்க செய்தி.

அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். கொழுந்தெடுத்து எம்மைப் படிக்கவைத்தவர். முதல் நாள் வண்டியின் முன்கதவைத் திறந்துவிட்டபொழுது, "முன்னுக்கு மருமக இருக்கட்டும் தம்பி. நான் பின்னால குந்திக்கிறேன்" என்றார். எவ்வளவு வற்புறுத்தியும் நான்கு ஆண்டுகள் பின்னாலேயே இருந்தார். 2023 ஜூலை இறுதியில், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதைக் குறித்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபயணம் மேற்கொண்டார்கள். மருமகளின் தொலைபேசியில் அதனை நாள்தோறும் பார்த்த அம்மா, தலைமன்னாரைத் தாமும் பார்க்கவேண்டும் என்றார். அவருடைய அக்கா, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1974இல் அங்கேதான் கப்பலேறினார். அட்டன் ரயில் நிலையத்திலே பிரிந்த சகோதரிகள் பிறகு சந்திக்கவில்லை. பெரியம்மா கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்ந்து அங்கேயே காலமானார்.

2024 ஏப்பிரல் விடுமுறையிற் புறப்பட்டோம். மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று, மூதாதையர் காட்டினூடே நடந்து வந்த திசைக்கு எதிர்த்திசையில் மணிக்கு ஐம்பது கிலோமீற்றராக ஊர்ந்தோம். வாந்திபேதியும் காய்ச்சலும் கொண்டுபோனவர்களை அப்பாதையோரங்களிலேயே புதைத்துவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அரிப்புக் கடற்கரையில், ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகை இடிந்து கிடக்கின்றது. அதனருகே மணல் சில்லைப் பிடித்துக்கொண்டது. டயர்களின் காற்றைப் பாதியளவுக்கு இறக்கி, மகள் மஞ்சட் குமிழை அழுத்த, வண்டி வெளியே வந்தது. தலைமன்னார்த் துறையில் அம்மா நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு கிட்டவா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். திரும்புகையில் எவரும் சொல்லாமலே முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

இப்பொழுது இரண்டாம் கியர் இறக்கத்திலே தானாக விலகத் தொடங்கியிருக்கின்றது. பெட்டியைத் திறக்கவேண்டும் என்கின்றார் பாஸ். அவருக்குக் கண் மங்கி வருகின்றது. கையாள் இளைஞன் கட்டாருக்குப் போய்விட்டான். வருகின்ற சனிக்கிழமை மகளும் எம்மோடு கம்பளைக்கு வருகின்றாள். சேசிஸை இம்முறை அவளே தட்டிப் பார்ப்பதாகப் பாஸிடம் சொல்லி வைத்திருக்கின்றாள்.