நிலவுக் காலத்தில் கூடும் குடும்பங்கள்



இளம் தம்பதியரை ஒன்றுசேர்த்து ஒரு குழு அமைக்கும் வேலை எனக்குத் தரப்பட்டபோது எனக்குத் திருமணமாகியிருக்கவில்லை. இன்றும் ஆகவில்லை. முதல் கூட்டத்திலேயே ஒரு பிள்ளை அதைக் கேட்டுவிட்டாள். "மிஸ், நீங்க கட்டின ஆளா?" இல்லை என்றேன். ஆண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் யாரும் வாய் திறக்கவில்லை.

அது 2018ஆம் ஆண்டுத் தவக்காலத்து ஞாயிறு பின்னேரம். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் புத்தளம் களப்புமாகக் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், ஒரு சிறிய கடற்கரை ஊரின் கோவில் மண்டபம். 14 பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தேன். ஏழு சோடிகளும் வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக வட்டத்தைக் கலைத்தார்கள். ஆண்கள் கதிரைகளை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டார்கள், பெண்கள் பிள்ளைகளுடன் சுவரோரம் போனார்கள். நான் நடுவில் நின்று பல்கலைக்கழகத்தில் படித்த சமூகவியலை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

எதற்காக இந்தக் குழு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கோவிலில் அன்பியங்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து செபிப்பதும் வேதாகமம் வாசிப்பதும் துன்பத்தில் உதவுவதும் அங்கே நடக்கும். ஆனால் அங்கே மாமியும் இருப்பார், சம்மாட்டியும் இருப்பார், கடன் கொடுத்தவரும் இருப்பார். கலியாணம் கட்டி இரண்டு வருடமான பெண் அவர்கள் முன்னால் எதைச் சொல்வாள்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லுவாள். அதோடு சரி.

இன்னொரு காரணத்தை நான் என் வீட்டிலிருந்தே அறிவேன். அம்மா 1990இல் மன்னார்க் கரையிலிருந்து என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தவர். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரக்கணக்கில் இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஓலைக் கொட்டில்கள், இந்தப் பக்கம் எங்களுடையது. இடப்பெயர்வு வீட்டையும் தொழிலையும் எடுத்துக்கொண்டது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். சித்தியையும் பெரியம்மாவையும் தாய்மாமனையும் அது எடுத்துக்கொண்டதை அவ்வளவாக எழுதவில்லை. சொந்த ஊரில் புருசன் பெண்சாதி சண்டை என்றால் இரண்டு வீடு தள்ளி இருக்கும் தாய்மாமன் செருமிக்கொண்டு முற்றத்துக்கு வருவார். அந்தச் செருமலே போதும். அடிக்கத் தூக்கிய கை இறங்கிவிடும். அவர் சொல்லும் நியாயம் எல்லா நேரமும் பெண்ணுக்குச் சாதகமாக இருந்ததில்லைதான். என்றாலும் ஒரு ஆள் வந்தார். முகாமிலும் குடியேற்றத்திலும் வளர்ந்து கலியாணம் கட்டிய எங்கள் தலைமுறைக்குப் பலருக்கு அப்படி வர ஆள் இல்லை.

நாங்கள் முதலில் வாசித்தது திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரம். அக்கிலா, பிரிஸ்கில்லா என்று ஒரு கணவனும் மனைவியும். யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று பேரரசன் கிளவுதியு கட்டளையிட்டதால் கொரிந்து நகருக்கு வந்தவர்கள். இடம்பெயர்ந்தவர்கள்! தொழில் கூடாரம் செய்வது. கூடாரம் என்றதும் தறப்பாள் கொட்டிலில் பிறந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். புதிய ஏற்பாட்டில் அவர்கள் பெயர் வரும் இடமெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே வருகிறார்கள், சில இடங்களில் மனைவியின் பெயர் முன்னால். அவர்களுடைய வீட்டில் சபை கூடியது. பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அவங்களுக்கு மாமா மாமி ஒருத்தரும் இல்லயா மிஸ்?" மண்டபத்தில் வந்த முதல் உண்மையான கேள்வி அதுதான்.

நான் கொண்டுபோன முறை வேறொன்று. 1962இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் கபிரியேல் கால்வோ என்ற குருவானவர் தம்பதியருக்காகத் தொடங்கிய சந்திப்பிலிருந்து வளர்ந்த இயக்கம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கணவனும் மனைவியும் ஒவ்வொரு நாளும் 10 நிமிடம் தனித்தனியாக ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவார்கள். பிறகு கொப்பிகளை மாற்றி வாசித்து 10 நிமிடம் கதைப்பார்கள். நானும் 14 கொப்பிகளும் 14 பேனைகளும் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு தம்பி கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கலியாண எழுத்தண்டு கையெழுத்து வச்சதோட பேனையைத் தொடல்ல மிஸ்" என்றார். இன்னொருவர் சிலாபத்துக்குத் தெற்கேயிருந்து வந்து எங்கள் ஊரில் கட்டியவர். அவருக்கு எழுத்து சிங்களம், மனைவிக்குத் தமிழ். வீட்டில் இரண்டும் கலந்துதான் பேச்சு. கொப்பியை மாற்றினால் வாசிக்க முடியாது. அந்தக் கொப்பிகள் கடைசியில் பிள்ளைகளுக்குப் பாடசாலைக்குப் பயன்பட்டன.

வழி காட்டியது நானல்ல, நிலைமை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. அதன் பிறகு கொஞ்சக் காலம் கோவிலில் கூட்டம் கூட முடியவில்லை. ஒருவர், "எங்கட வாடியில இருப்பம்" என்றார். மண்டபத்துக் கதிரைகளை விட்டுப் பாயில் உட்கார்ந்தோம். ஆண்களுக்கு அன்று வலை பொத்த இருந்தது. பொத்திக்கொண்டே கதைத்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முகத்துக்கு முகம் பார்த்துக் கதைக்கச் சொன்னால் எங்கள் ஆண்களுக்கு விசாரணை போல இருக்கும். கை வேலையில் இருந்து கண் வலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். "இவ தாய் செத்ததிலயிருந்து சரியாச் சிரிக்கிறதில்ல, எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியல்ல" என்று ஒருவர் நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டே சொன்னார். பக்கத்தில் இருந்த மனைவிக்கு அது புதுச் செய்தி. அவர் கவனித்திருக்கிறார் என்பதே அவளுக்குத் தெரியாது.

கூட்டத்துக்குத் திகதி குறிப்பதையும் விட்டோம். நல்ல நிலவில் வலையில் மீன்பாடு குறைவு, ஆண்கள் கரையில் இருப்பார்கள். ஆகவே நிலவை ஒட்டிய ஞாயிறு என்று வைத்தோம். சோளகம் பலமாக வீசும் மாதங்களில் சிலர் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போய்விடுவார்கள். அப்போது பெண்கள் மட்டும் கூடினோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் 'அன்பின் மகிழ்ச்சி' என்ற ஊக்கவுரையில் கலியாணத்தின் ஆரம்ப ஆண்டுகளில்தான் துணை அதிகம் வேண்டும் என்றும் அனுபவப்பட்ட தம்பதியர் இளையவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். எங்களிலும் கட்டிப் பதினைந்து வருடமான ஒரு சோடியைச் சேர்த்தோம். அவர்கள் புத்திமதி சொல்லவில்லை. தாங்கள் பட்டதைச் சொன்னார்கள். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஒன்றாகப் போனபோது, பிள்ளையில்லாத ஒரு பிள்ளையிடம் யாரோ வழக்கம்போல "விசேசம் ஒண்டும் இல்லயா?" என்று கேட்க, அந்த மூத்த அக்கா பேச்சை வெட்டினார். "எனக்கு ஏழு வருசம் இப்பிடித்தான் கேட்டவங்க. ஒவ்வொரு முறையும் நான் வீட்ட போய் அழுதனான்." அன்னம்மாளும் நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்தவர் என்பது மரபு. அந்தக் கேள்வி அதற்குப் பிறகு எங்கள் பாயில் எழவில்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

குழுவில் ஒரு பிள்ளை, கிழமைக் கடன் எடுத்திருப்பதையும் அதைக் கட்டத் தாலிக்கொடியை அடகு வைத்ததையும் கணவனுக்குச் சொல்லாததையும் எங்களிடம் சொன்னாள். சில வாரம் கழித்து வேறொரு நகரில் ஒரு பயிற்சிக்குப் போனேன். பெண்களின் கடன் சுமைக்கு உதாரணம் கேட்டார்கள். நான் சொன்னேன், பெயர் சொல்லாமல். அந்த அறையில் எங்கள் ஊரில் பெண் எடுத்த ஒருவர் இருந்தார். நான்கு நாளில் கதை ஊருக்கு வந்துவிட்டது. கணவன் கை நீட்டினார். அவள் மூன்று மாதம் குழுவுக்கு வரவில்லை.

நான் வீட்டுக்குப் போனேன். முதல் இரண்டு தரம் கதவு திறக்கவில்லை. மூன்றாம் தரம் திண்ணையில் உட்காரச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க பேர் சொல்லல்ல மிஸ். ஊரைச் சொன்னீங்களே, அது போதாதா?" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சட்டத்தைச் சொல்லி, வேண்டுமென்றால் கூட வருகிறேன் என்றேன். அப்போதைக்கு வேண்டாம் என்றாள். அது அவளுடைய முடிவு.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் தவறைச் சொன்னேன். பாயில் சொன்னது பாயிலேயே இருக்க வேண்டும் என்று அன்று முடிவெடுத்தோம். ஒரே ஒரு விலக்கு: அடி, உயிராபத்து, பிள்ளைகளுக்குக் கொடுமை. அதை மறைக்க மாட்டோம் என்று முன்கூட்டியே ஆண்களிடம் சொன்னேன். "அப்ப எங்கள பொலிசில குடுப்பீங்களா?" என்று ஒருவர் எழும்பினார். மூத்த அக்கா, "நீ அடிக்காட்டி உனக்கு என்ன பயம் தம்பி, இரு" என்றார். அவர் இருந்தார். ஒற்றுமை என்ற பெயரில் அடியை மூடிவைக்கும் குழு பெண்ணுக்குக் குழுவல்ல, இன்னொரு வேலி. உங்களில் தேவைப்படுபவர்களுக்காக எழுதிவைக்கிறேன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடி விழுந்திருக்க வேண்டும் என்றில்லை, விழக்கூடும் என்ற நிலை இருந்தாலும் கேட்கலாம். முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பின் 12 மாதம் வரை. மனுவை உங்கள் சார்பில் பொலிஸ் அதிகாரியும் போடலாம். 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும்.

அவள் திரும்பி வந்தது 2022இல், எல்லோரும் ஒரேயடியாக விழுந்தபோது. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. அதற்கு முன்பு பல மாதம் காசு இருந்தாலும் எண்ணெய் இல்லை. படகுகள் கரையில் கிடந்தன. ஆண்கள் வீட்டில் இருக்க இருக்கச் சண்டையும் கூடியது. அந்த நேரம் குழுவின் ஆண்கள் இரண்டு படகுக்காரர் ஒரு படகில் ஏறி எண்ணெயையும் மீன்பாட்டையும் பங்கிட்டார்கள். பெண்கள் மூன்று வீட்டுக்கு ஒரு உலை வைத்தார்கள். அவளுடைய கணவன் அங்கே அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தேங்காய் துருவ உட்கார்ந்தார். அவர் முழுக்க மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவள் இப்போது கடன் கணக்கை அவர் முன்னால் வைத்துத்தான் பார்க்கிறாள்.

இன்னொரு பிள்ளை அந்த வருடக் கடைசியில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கணவன் இரண்டு பிள்ளைகளுடன் கூட்டத்துக்கு வருவார். அவளுக்கு நேரம் கிடைத்தால் போன் எடுப்பாள். போனைப் பாய் நடுவில் வைப்போம். ஒரு நாள் அவள் கதைக்கவேயில்லை. "நீங்க கதைங்க, நான் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுறன்" என்றாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டபடி செபம் சொன்னோம்.

போன வருடம் எங்களில் ஒருவர் கடலில் இறந்தார். 31ஆம் நாள் பூசைக்குப் பிறகு அவருடைய மனைவி என்னைக் கோவில் மதிலோரம் நிறுத்தி, "நான் இனி வரலாமா அக்கா?" என்று கேட்டாள். எப்போது 'மிஸ்' போய் 'அக்கா' ஆனது என்று தெரியவில்லை. வா என்று உடனே சொன்னேன். குழு அப்படி உடனே சொல்லவில்லை. "தம்பதியர் குழுதானே" என்றார் ஒருவர். இரண்டு பெண்கள் தனியே என்னிடம் வேறு விதமாகச் சொன்னார்கள். இளம் பெண், தனியாள், எங்கள் ஆண்களும் இருக்கிற இடம் என்று. எனக்குக் கோபம் வந்தது. என் அம்மா யுத்தத்தில் அப்பாவை இழந்தவர். கலியாண வீடுகளில் அவர் குசினிப் பக்கமே நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேர் அந்தக் குசினிப் பக்கம் நின்றிருப்பீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அம்மாவின் கதையை அன்று அவர்களுக்குச் சொன்னேன். குழுவில் என் வீட்டுக் கதையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு கணவனும் மனைவியுமாக இரண்டு பேரும் வரவேண்டும் என்பதை விட்டோம். பெயரையும் 'இளம் குடும்பங்கள்' என்று மாற்றினோம். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இன்னும் வருவதில்லை. வழியில் கண்டால் சிரிப்பாள், நின்று கதைக்க மாட்டாள். நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

வருகிற நிலவுக்குக் கூட்டம் அந்தத் தங்கச்சியின் வீட்டில். வீட்டில் இருப்பது ஒரு பாய்தானாம், வரும்போது இரண்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.