அப்பாவின் கித்தாரைத் திறந்தேன்

தேர்வு முடிந்து ஊருக்குப் போனால் எனக்கு இரண்டே வேலைகள்தாம். ஒன்று கடற்கரைக்குப் போவது; மற்றொன்று அம்மாவிடம் திட்டு வாங்குவது. சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் மூன்றாவதாக ஒரு வேலை சேர்ந்து கொண்டது. அப்பாவின் மின்கித்தாருக்குப் புதிய பிக்கப் பொருத்தும் வேலை.

எங்கள் ஊர் கோலா சுங்கை பாரு. மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், கடலைப் பார்த்தபடி கிடக்கும் சிறிய பட்டணம். போர்ட்டிக்சனிலிருந்து மலாக்காவுக்கு வந்தவர்களில் சிலர் அதைக் கடந்திருக்கலாம். அப்பா அங்குள்ள ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பின்னரும் சில காலம் லயத்திலேயே இருந்தோம். பிறகு தாமான் வீட்டிற்கு மாறினோம். அப்போது லாரியில் ஏற்றாமல் அப்பா தம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த ஒரே சாமான் இந்தக் கித்தார்தான்.

1960களில் நம் நாட்டு மலாய் இளைஞர்கள் மின்கித்தார் குழுக்களைத் தொடங்கி, ‘கும்புலான் கித்தார் ரஞ்சாக்’ என்பதைச் சுருக்கி ‘குகிரான்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த அலை தோட்டங்களுக்கும் வந்தது. பினாங்கின் ‘அல்லிகேட்ஸ்’ குழுவில் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் மலாய்ப் பாடல்களால் நாட்டையே கட்டிப் போட்ட காலத்தில், திருவிழாவுக்கும் கல்யாணத்திற்கும் வாசிக்கும் குழு ஒன்று எங்கள் தோட்டத்திலும் இருந்தது. அப்பா அதில் கித்தார் வாசித்தார். 1984இல் பழைய விலைக்கு வாங்கிய ஜப்பானிய நகல் அது. தலையில் ஒட்டியிருந்த பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. உடல் மெல்லியது, ஒன்றே முக்கால் அங்குலம்தான் இருக்கும். நடுவில் ஒரு மரக்கட்டை, இரு பக்கமும் வெற்றிடம், முகத்தில் ‘எஃப்’ எழுத்து வடிவில் இரண்டு துளைகள். கிப்சன் நிறுவனம் 1958இல் கொண்டு வந்த ‘இஎஸ்-335’ இந்த வகைக்கு மூத்த அண்ணன்.

அதில் கழுத்துப் பக்கம் ஒரு பிக்கப், பாலத்தின் பக்கம் ஒரு பிக்கப். கழுத்துப் பக்கத்தது செத்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். உயிரோடு இருந்தால் ஏழெட்டுக் கிலோ ஓம் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லை. உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பி தலைமுடியை விட மெல்லியது. ஒரு சுருளுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் சுற்று. எங்கள் ஊர் உப்புக் காற்று பட்டுப் பச்சைக் களிம்பு பிடித்து, எங்கேயோ ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. ஓரிடத்தில் அறுந்தாலே மொத்தமும் ஊமை.

நான் இணையத்தில் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தேன். அப்பா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எதுக்குடா ரெண்டு? பின்னால உள்ளது நல்லாத்தானே பேசுது?”

“ஜோடியா போட்டாத்தான்பா சரியா இருக்கும்.”

“கெட்டுப் போனதை மட்டும் மாத்து. மரத்துல கை வைக்காதே.”

இந்த இரண்டு கட்டளைகளாலும் என் விடுமுறையில் ஒரு வாரம் போயிற்று.

இவ்வகைக் கித்தாருக்குப் பின்புறம் மூடி கிடையாது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நான்கு திருகிகளும், சுவிட்சும், பிளக் செருகும் வாயும் உடலுக்குள்ளேயே தொங்குகின்றன. ஒன்றை எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் எஃப் துளை வழியாக வெளியே இழுக்க வேண்டும். ஒருவரைக் கூப்பிட்டால் குடும்பமே வந்து நிற்குமே, அதே கதைதான். இழுத்த பின் திரும்ப அதனதன் ஓட்டைக்குள் கொண்டு வருவது எப்படி? அதற்குத் தூண்டில் நரம்புதான் வழி. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு திருகியின் தண்டிலும் நரம்பைக் கட்டி உள்ளே தள்ளினேன். நரம்பின் மறுமுனை அதனதன் ஓட்டையில் வெளியே நின்றது. வேலை முடிந்ததும் நரம்பைச் சுண்டி இழுத்தால் மீன் மாதிரி வந்துவிடும் என்று நினைத்தேன். ஆறில் நான்கு மீன்கள் வந்தன.

அடுத்து, புதிய பிக்கப்பின் கால்கள் நீளமாக இருந்தன. பருத்த உடல் கொண்ட கித்தாராக இருந்தால் கவலை இல்லை. இதில் பள்ளத்தின் ஆழம் போதாமல் கால்கள் தரை தட்டி, பிக்கப் தந்திகளை முட்டிக்கொண்டு நின்றது. உளியால் கொஞ்சம் குடைந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆகவே மரத்தை விட்டுவிட்டு, கால்களையும் திருகாணிகளையும் இரும்பு ரம்பத்தால் அறுத்தேன். ஈயம் வைத்து, உறுமும் அந்தப் பழைய ஆம்பில் செருகினேன்.

கழுத்துப் பிக்கப் பேசியது. உருண்டையான, தேன் போன்ற சத்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா சுவிட்சை நடுவில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒலிக்க விட்டார். முகம் சுருங்கியது.

“இது சரியில்லையே. மூக்கடைச்ச மாதிரி இருக்கு.”

“ஆம்ப் பழசுப்பா.”

“ஆம்பை எனக்குத் தெரியும். அப்ப நடுவுல வச்சா இப்படி இருக்காது.”

இருபது வருடத்திற்கு முன் கேட்ட சத்தத்தை ஒருவர் எப்படி நினைவில் வைத்திருக்க முடியும் என்று எரிச்சலாக இருந்தது. இரவெல்லாம் படித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது, அவர் சொன்னதே சரி. ஒரு பிக்கப் தள்ளும் நேரத்தில் மற்றது இழுத்தால் கனமான ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது சளி பிடித்த குரல்தான். ஒரே தயாரிப்பில் வந்த ஜோடி என்றால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது. இங்கேயோ பழையதும் புதியதும் ஆளுக்கொரு திசை. முள் உள்ள மீட்டரைப் பிக்கப்பில் இணைத்து, திருப்புளியை அதன் மேல் வைத்துச் சட்டென்று எடுத்தால் முள் ஒரு பக்கம் துள்ளும். இரண்டும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஈயம் வைப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை இது. நல்ல வேளையாகப் புதியதில் நான்கு கம்பிகளும் தனியாகக் கவசப் பின்னலும் இருந்தன. சுருள்களின் இரு முனைகளை இடம் மாற்றினால் போதும்.

போதும்தான். ஆனால் அதற்கு மறுபடியும் மொத்தக் குடும்பத்தையும் எஃப் துளை வழியாக வெளியே அழைக்க வேண்டுமே! இம்முறை ஆறு மீன்களும் திரும்பி வந்தன.

தோட்டத்து ஆட்கள் இன்றும் அப்பாவைப் பற்றிப் பேசினால், “ஊசி குத்துற மாதிரி வாசிப்பாரு” என்பார்கள். அதுதான் அவருடைய பாணி என்று நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். பாலத்துப் பிக்கப் மட்டும் வேலை செய்யும் கித்தாரில் அந்த ஊசிச் சத்தம்தான் வரும். அன்று மாலை அவரிடமே கேட்டுவிட்டேன்.

“வேற வழி? அது ஒன்னுதான் பேசுச்சி. அதுக்கு ஏத்த மாதிரி வாசிச்சேன்.”

சுவிட்சை நடுவில் வைத்து ஒருமுறை மீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாவிட்டால் சரி என்று பொருள். கழுத்துப் பக்கம் மாற்றி, ‘இளைய நிலா’வின் தொடக்கத்தை மெதுவாக எடுத்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் இந்தக் கித்தாரில் அதை வாசித்துக் கேட்டதில்லை. அடுக்களையிலிருந்து அம்மா வந்து நிலைப்படியில் நின்றார். விரல்கள் இரண்டிடத்தில் தடுக்கின. நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தார். முடித்த பின் சுவிட்சைப் பாலத்தின் பக்கமே தள்ளிவிட்டு, அடுத்த பாட்டைப் பழையபடி ஊசிச் சத்தத்தில் வாசித்தார்.

பிறகு பிஸ்கட் டின்னைக் காட்டினார். உள்ளே நான் அறுத்துப் போட்ட திருகாணித் துண்டுகளோடு இரண்டாவது பிக்கப்.

“அந்தக் கடைக்காரன் இதைத் திருப்பி எடுத்துக்குவானா?”